சுற்றி வரும் கம்பி

திரையில் மகனின் முகம், இடது கண் பாதி மூடிய நிலையில் அப்படியே நின்றுபோனது. தெல்மாவுக்கு இது பழகிப்போன விஷயம். ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஸ்டூவர்ட் கூப்பிடுவான். மூன்று நிமிஷமோ நாலு நிமிஷமோ பேச்சு ஒழுங்காக வரும். பிறகு வாய் திறந்தபடியோ மூக்கைச் சொறிந்தபடியோ சிலையாகிவிடுவான். குரலும் கத்தரித்தாற்போல் அறுந்துவிடும். அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நாற்பது வரை எண்ணுவாள். சில சமயம் திரும்பி வருவான். பல சமயம் வரமாட்டான்.

அன்றைக்கு முகம் நின்றது, குரலும் நின்றது. மூச்சு மட்டும் நிற்கவில்லை.

கணினிக்கு இரண்டு பக்கமும் இருந்த சின்ன ஒலிபெருக்கிகளிலிருந்து அது வந்துகொண்டிருந்தது. மலையேறி வந்தவன் வாயால் விடுவது போன்ற மூச்சு. நிதானமானது, ஈரமானது, ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு சின்னக் கரகரப்பு. ஸ்டூவர்ட்டுக்கு முப்பத்து நாலு வயது. தினமும் கடலில் நீந்துகிறவன். அவனுக்கு அப்படி மூச்சு வாங்காது.

"ஸ்டூ? நான் பேசறது கேக்குதா?"

மூச்சு சட்டென்று நின்றது. ஒளிந்திருந்து கேட்டவன் பிடிபட்டதும் மூச்சைப் பிடித்துக்கொள்வானே, அப்படி. பிறகு இணைப்பு துண்டித்துக்கொண்டது.

அவள் அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை. யோசிக்க விடாமல் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏவ்ரிலின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அம்மாவோடு லைன் போனதும் ஸ்டூவர்ட் சித்தியைக் கூப்பிட்டுவிட்டான். எப்போதும் அப்படித்தான். அக்காவும் தங்கையும் ஒரே கூரையின் கீழ், நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவரோடு ஒட்டிய இரண்டு வீடுகளில் இருந்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஆட்டுக்கால் வறுபடும் வாசனையும் ரோஸ்மேரி வாசனையும் வரும். அவற்றோடு மகனின் குரலும் வரும். வெட்டுப்படாமல், தெளிவாக, முக்கால் மணி நேரம்.

"ஆன்ட்டி, பாருங்க, ஃப்ரேயா கையத் தட்டறா!"

பேத்தி கை தட்டுவதைத் தெல்மா இன்னும் பார்த்ததில்லை. அவள் திரையில் ஃப்ரேயா எப்போதும் ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்று நின்றுபோன குழந்தை.

ஏவ்ரிலுக்குப் பிள்ளை இல்லை. கணவன் போய்ப் பத்து வருஷம். தன் புருஷன் போனபோதும், மகன் கடல் கடந்து போனபோதும் தெல்மாவுக்கு ஒத்தாசையாக இருந்தவள் அவள்தான். அதைத் தெல்மா மறுக்கமாட்டாள். ஆனால் ஒன்பது வயதில் ஸ்டூவர்ட் பள்ளி விட்டதும் நேரே எந்தக் கதவைத் தட்டினான் என்பதும் அவளுக்கு மறக்கவில்லை. பெர்த் நகரத்தில் அவன் கல்யாணம் நடந்தபோது தெல்மா இடுப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு படுக்கையில் கிடந்தாள். ஏவ்ரில் போனாள். கல்யாணப் படத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில், தாய் நிற்க வேண்டிய இடத்தில், நீலத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றாள். அந்தப் படம் ஏவ்ரில் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. தெல்மா அங்கே போகும்போதெல்லாம் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள்.

ஒரே கூரை. ஒரே கம்பெனி. மாதாமாதம் ஒரே கட்டணம். ஏவ்ரிலுக்கு மட்டும் எப்படி?

அதைக் கண்டுபிடிக்க, 2009 நவம்பரில் ஒரு புதன்கிழமை காலை, தொலைபேசிக் கம்பெனியிலிருந்து ரால்ஃப் ஹைண்ட்மார்ஷ் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். தெல்மா இருக்கும் ஹெசில்கில் கிராமத்திலும் அதற்குக் கீழேயுள்ள பள்ளத்தாக்கு முழுவதும் கம்பம் ஏறித் தேய்ந்த முழங்கால். கூடத்துச் சுவரில் இருந்த இணைப்புப் பெட்டியைக் கழற்றி, மஞ்சள் நிறக் கருவி ஒன்றைச் செருகினார்.

"இதுலேர்ந்து ஒரு துடிப்பு அனுப்புவேன், மிஸஸ் கோல்த்தர்ட். அது கம்பியோட கடைசி வரைக்கும் போய் எதிரொலியாத் திரும்பும். எவ்வளவு நேரத்துல திரும்புதோ, அதை வச்சுக் கம்பி எவ்வளவு நீளம்னு சொல்லிடலாம்."

"டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஒரு மைல் கூட இல்லையே. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு அதைத் தாண்டித்தான் நடந்து போறேன்."

"நீங்க நடக்கற வழியில கம்பி வரணும்னு இல்லையே." கருவியைப் பார்த்தவர் புருவத்தை உயர்த்தினார். "நாலு மைல்."

"என்னது?"

"உங்க லைன் நாலு மைல் நீளம். செம்புக் கம்பியில தூரம் போகப் போகச் சமிக்ஞை தேஞ்சுகிட்டே வரும். ஒரு மைல்ல இருக்கறவங்களுக்கு ஏழு மெகாபிட் வேகம் கிடைச்சா, நாலு மைல்ல இருக்கறவங்களுக்கு அரை கிடைச்சாலே பெரிசு. காக்கா பறக்கற தூரத்தைப் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது. கம்பி எப்படிச் சுத்தி வருதுங்கறதுதான் கணக்கு."

சட்டைப்பையிலிருந்து மடித்த வரைபடத்தை எடுத்து விரித்தார். ஏவ்ரில் வீட்டுக்கு எண்பத்தெட்டில் சாலை போட்டபோது புதைத்த குழாய் வழியாகக் கம்பி நேராக வருகிறது. தெல்மாவின் கம்பி அதற்கு முப்பது வருஷம் மூத்தது. எக்ஸ்சேஞ்சிலிருந்து கிளம்பி, கம்பம் கம்பமாக மலையேறி, மூடிக்கிடக்கும் ஈயச் சுரங்கத்துக்குப் போய், அங்கிருந்து திரும்ப இறங்கி வந்தது.

"அந்தக் காலத்துல சுரங்கத்துக்குத்தான் முதல்ல போன் போட்டாங்க. அப்புறம் கிராமத்துக்குக் கேட்டப்போ, இருக்கற கம்பியிலேர்ந்தே இழுத்து விட்டுட்டாங்க. செலவு மிச்சம்." வரைபடத்தில் விரலை வைத்து அளந்தவர் கொஞ்சம் தயங்கினார். "ஆனா இப்படிப் பாத்தாலும் மூணு மைல்தான் வருது. மிச்சம் ஒரு மைல் எங்கேன்னு தெரியல. மேல போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

பத்து மணிக்குப் போனவர் இரண்டு மணிக்குத்தான் திரும்பினார். பனிமூட்டம் அவர் கோட்டில் திவலை திவலையாக ஒட்டியிருந்தது. தெல்மா டீ கொடுத்தாள். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். குடிக்கவில்லை.

"சுரங்க அலுவலகச் சுவருல பெட்டி இருக்கு. கம்பி அதுக்குள்ள போகுது. ஆனா பெட்டியிலேர்ந்து நேரா வெளிய வரல. சுரங்க வாய் இருக்கு பாருங்க, அதுக்குள்ள போகுது. அந்தக் காலத்துல உள்ள வேலை பாக்கறவங்க மேல பேசறதுக்கு ஒரு போன் வச்சிருப்பாங்க போல. அதே துவாரத்துலேர்ந்து இன்னொரு கம்பி வெளிய வருது. அதுதான் உங்க வீட்டுக்கு வருது."

"அப்போ என் மகன் பேசறது..."

"பூமிக்குள்ள போயிட்டு வருது. ஆமா."

"அதை வெட்டிட்டு நேராச் சேத்துட முடியாதா?"

"உத்தரவு வாங்கணும். மாசக்கணக்காகும். எனக்கு உள்ள..." சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு எழுந்துபோய், கூடத்துப் பெட்டியில் மறுபடியும் கருவியைச் செருகினார். வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தெல்மா அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். நாலரை மைல் என்று காட்டியது.

"காலையில நாலுன்னுதானே சொன்னீங்க?"

"ஈரமா இருந்தா தப்பாக் காட்டும்." அவர் அவளைப் பார்க்கவில்லை.

அடுத்து அவள் செய்ததற்கு ஒரு காரணம், சரியாக அந்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஏவ்ரில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள் என்பதுதான். கவலையே இல்லாதவளின் முணுமுணுப்பு.

"என் தங்கச்சியோட கம்பியை எனக்கு மாத்திக் குடுங்க. என்னோடது அவளுக்குப் போகட்டும்."

"அவங்க ஒத்துக்கணுமே."

"ஒத்துக்கிட்டா. போன வாரமே சொல்லிட்டா. அவளுக்கு என்ன, எப்பவாவது சமையல் குறிப்புப் பாப்பா, அவ்வளவுதான். பேத்தி எனக்குத்தானே?"

வாயிலிருந்து பொய் வழுக்கிக்கொண்டு வந்தது. ரால்ஃப் கருவியைப் பையில் வைத்தார்.

"அந்த லைன்ல பேசறப்போ, வேற ஏதாவது கேக்குமா உங்களுக்கு?"

"எதுவும் கேக்காது. அதுதானே பிரச்சினை," என்றாள் தெல்மா.

இன்னொரு பொய். அந்த மூச்சை அவள் சொல்லியிருந்தால், இவர் மாற்றிக் கொடுத்திருக்கமாட்டார்.

தெருமுனையில் கம்பிகள் வந்து சேரும் பச்சைப் பெட்டியில் இருபது நிமிஷம், எக்ஸ்சேஞ்சில் அரை மணி நேரம். வேலை முடிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டூவர்ட்டின் முகம் திரையில் மலர்ந்தபோது தெல்மா அழுதுவிட்டாள். அவன் தாடியில் இரண்டு நரைமுடி இருப்பது தெரிந்தது. ஃப்ரேயா கை தட்டினாள். கைகள் சேரும்போதே சத்தமும் வந்தது. எச்சிலில் குமிழி விட்டாள். குமிழி உடைந்தது. அதைக்கூடப் பார்த்தாள்.

"என்னம்மா, இன்னைக்கு லைன் சூப்பரா இருக்கு!"

"ஆள் வந்து சரி பண்ணிட்டுப் போனான்."

ஒரு மணி நேரம் பேசினார்கள். வைத்த பிறகு தெல்மா நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்து காத்திருந்தாள். ஏவ்ரிலை அவன் இனிமேல்தான் கூப்பிடுவான், அவள் ஹலோ ஹலோ என்று கத்துவாள், மேஜையைத் தட்டுவாள், நாற்பது வரை எண்ணுவாள். அதைக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. அந்த ஆசைக்காக வெட்கப்படவும் செய்தாள். ஆனால் நாற்காலியை நகர்த்தவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் ஏவ்ரில் சிரித்தாள்.

திங்கள்கிழமையும் சிரித்தாள். செவ்வாய்க்கிழமையும். முன்பெல்லாம் வாரம் ஒரு நாள் முக்கால் மணி நேரம்தான். இப்போது தினமும், மதியத்திலிருந்து விளக்கு ஏற்றும் வரைக்கும், சில நாள் காலையிலேயே. ஆட்டுக்கால் வாசனை வருவது நின்றுவிட்டது. அதற்குப் பதிலாகச் சுவரின் அடிப்பகுதியிலிருந்து வேறொரு வாசனை. நனைந்த கல், துருப்பிடித்த இரும்பு, அணைந்த மெழுகுவர்த்தி. தெல்மா சோடா உப்புப் போட்டுத் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

வெள்ளிக்கிழமை ரொட்டி வண்டிக்காரனிடம் இரண்டு பேரும் ஒன்றாக நின்றார்கள். ஏவ்ரிலின் கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. விரல் நகங்களுக்குள் கறுப்பு. கண் மட்டும் புது மணப்பெண்ணின் கண் மாதிரிப் பளபளத்தது.

"உடம்பு சரியில்லையா ஏவ்ரில்?"

"எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன். தூக்கம்தான் கொஞ்சம் கம்மி. ஸ்டூ விடமாட்டேங்கறான், பேசிகிட்டே இருக்கான்."

"ஸ்டூவா? தினமுமா?"

"தினமும். இப்பல்லாம் எவ்வளவு தெளிவா வருது தெரியுமா? முன்ன அப்படி இல்ல. பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கு." கொஞ்சம் தயங்கினாள். "தப்பா எடுத்துக்காத தெல்மா. என்கிட்ட அவன் ரொம்ப மனசு விட்டுப் பேசறான். உன்கிட்ட சொல்ல முடியாததெல்லாம் சொல்றான்."

ரொட்டி வாங்காமலே தெல்மா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அந்தச் சொற்கள் அவளை உள்ளே இருந்து அரித்தன. திரையில் மகன் வந்ததும் குழந்தையைக் கூடப் பார்க்காமல் கேட்டாள்.

"ஆன்ட்டிகிட்ட தினமும் பேசறியாமே?"

"யாரு, நானா?" அவன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து மென்றுகொண்டிருந்தான். "ரெண்டு வாரமா ஆன்ட்டியோட லைனே கிடைக்கலம்மா. அடிச்சு அடிச்சுப் பாத்துட்டேன். நானே உன்கிட்ட கேக்கணும்னு இருந்தேன். நல்லாத்தானே இருக்காங்க?"

பொய் சொல்கிறான். தெல்மா உறுதியாக நினைத்தாள். அம்மா மனம் நோகக் கூடாது என்று மறைக்கிறான். அந்த அன்புகூட அவளுக்கு எரிச்சலாக இருந்தது. மகன் மென்று விழுங்கும் வரைக்கும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஸ்டூவர்ட்டின் குரல் கேட்டது.

அவள் திரையைப் பார்த்தாள். ஸ்டூவர்ட் வாய் நிறையச் சாப்பாட்டோடு, உதடு மூடி, மென்றுகொண்டிருந்தான்.

சுவருக்குள் ஸ்டூவர்ட் பேசிக்கொண்டிருந்தான்.

"அப்புறம் கூப்பிடறேண்டா," என்று சொல்லிக் கணினியை அணைத்தாள். மெதுவாகப் போய்க் காதைச் சுவரில் வைத்தாள். சுவர் ஈரமாக இருந்தது. ஏவ்ரில் எதற்கோ சிரித்தாள். பிறகு அந்தக் குரல். அதில் மகனின் இழுப்பு இருந்தது, சொல்லின் கடைசியில் அவன் குரல் ஏறும் விதம் இருந்தது. ஆனால் சொற்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. ஒரு சொல் உரக்க வந்தது, அடுத்தது மெல்ல. ஒன்று சிரிப்போடு, அதன் பக்கத்துச் சொல் அழுகையோடு. வெவ்வேறு நாளில் பேசியவற்றை வெட்டி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினாற்போல.

"இங்க. எல்லாம். நல்லாருக்கு. எனக்கு உன்னப் பாக்கணும் போல இருக்கு. ரொம்ப. நாளாச்சு."

தெல்மா காதைச் சுவரில் இன்னும் அழுத்தி வைத்தாள்.

போன வருஷம், அவள் பிறந்தநாளன்று, ஸ்டூவர்ட் "அம்மா, எனக்கு உன்ன" என்று ஆரம்பித்தான். அதோடு லைன் போய்விட்டது. மறுபடி கிடைத்தபோது என்னடா சொல்ல வந்தே என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டான். அந்த வாக்கியத்தின் மறுபாதிக்காக எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள்!

இதோ, மறுபாதி. சுவருக்கு அந்தப் பக்கம்.

அவளுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது, அல்லது புரிந்ததாகத் தோன்றியது. இரண்டு வருஷமாக அவள் திரையில் வந்து சேராத சொற்கள், நின்றுபோன முகங்கள், பாதியில் அறுந்த சிரிப்புகள் எதுவும் காற்றில் கரைந்துபோகவில்லை. மேலே, அந்தத் துவாரத்துக்குள், ஏதோ ஒன்று அவற்றைப் பொறுக்கி வைத்திருந்தது.

பயந்தாள். மிகவும் பயந்தாள். ஆனால் பயத்துக்கும் அடியில் இன்னொன்று கொதித்துக்கொண்டிருந்தது. அது என்னுடையது. எனக்குச் சொன்னது. என்னுடையதை அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அந்த வாரம் முழுவதும் அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். சமைக்கவில்லை. ஏவ்ரிலிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இணைப்பைப் பிடுங்கி எறி என்று கத்தியிருக்கலாம். கதவு பன்னிரண்டு அடி தூரத்தில் இருந்தது. சொன்னால், கம்பியை மாற்றியதையும் சொல்ல வேண்டும். போகவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ரால்ஃப் ஹைண்ட்மார்ஷ் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மிஸஸ் கோல்த்தர்ட், உங்க தங்கச்சி வீட்டுல ஆள் இருக்காங்களா? நான் அடிச்சா யாரும் எடுக்கல."

"இருக்கா. ஏன்?"

"எக்ஸ்சேஞ்சுலேர்ந்து அந்த லைனை அளந்து பாத்தேன். போன வாரம் அஞ்சரை மைல். திங்கக்கிழமை எட்டு." அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. "இன்னைக்குத் துடிப்பு அனுப்பினேன். திரும்பி வரவே இல்ல."

"கம்பி அறுந்துபோச்சா?"

"அறுந்தாலும் அறுந்த எடத்துலேர்ந்து திரும்பும். இது திரும்பல. போய்கிட்டே இருக்கு. நாளைக்குப் பொழுது விடிஞ்சதும் வந்து வெட்டி விட்டுடறேன், உத்தரவாவது ஒண்ணாவது. அது வரைக்கும் அதைத் தொட வேண்டாம்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

"சொல்றேன்," என்றாள் தெல்மா.

சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பனிமூட்டம் சன்னல் வரைக்கும் இறங்கியிருந்தது. பள்ளத்தாக்குச் சாலை மூடிக்கிடப்பதாக வானொலியில் சொன்னார்கள். ரால்ஃபின் வண்டி வரவில்லை. பதினொரு மணிக்கு ஏவ்ரில் சிரித்தாள். பதினொன்றரைக்கு யாரையோ கொஞ்சினாள். குழந்தையைக் கொஞ்சும் குரல். பிறகு நாற்காலி தரையில் உரசும் சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை.

சிரிப்பு இல்லை. காலடி இல்லை. குழாயில் தண்ணீர் விழவில்லை. இத்தனை வருஷத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை.

தெல்மா போனாள்.

ஏவ்ரிலின் சமையலறைக் கதவு தாழிடப்படவில்லை. உள்ளே மூச்சு புகையாகத் தெரிந்தது, அவ்வளவு குளிர். அடுப்பின் மேல் தண்ணீர் வற்றிய கெண்டி. மேஜையில் ஆடை படிந்த டீக்கோப்பைகள், ஏழோ எட்டோ. நனைந்த கல்லின் வாசனை. இரும்பின் வாசனை.

"ஏவ்ரில்?"

கூடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். சன்னல் திரை இழுத்து மூடியிருந்தது. கணினி வெளிச்சம் மட்டும். அதன் முன்னால் நாற்காலி. எழுந்து போகிறவர்கள் நாற்காலியைப் பின்னால் தள்ளுவார்கள். இது முன்னால் போயிருந்தது. மேஜையோடு இடித்துக்கொண்டு, ஆள் நுழைய இடமில்லாமல். மேஜைக்கு அடியில் ஏவ்ரிலின் செருப்புகள், நுனிகள் சுவரைப் பார்த்தபடி.

திரையில் ஸ்டூவர்ட் இருந்தான்.

இருட்டில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் பெர்த் வீட்டின் சமையலறை இல்லை. பாறை. அதன் மேல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஒரு கன்னம் ஒரு நாள் மழித்தது, இன்னொரு கன்னம் வேறொரு நாள். வாய் ஒரு பக்கம் சிரித்தது.

அவன் பக்கத்தில் ஏவ்ரில்.

நீல ஸ்வெட்டர். வெறுங்கால். மடியில் துணியில் சுற்றிய ஒன்று. ஏவ்ரில் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணிக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை வெளியே வந்தது. ஏவ்ரிலின் விரலைப் பிடித்துக்கொண்டது.

தெல்மாவின் மகன். தெல்மாவின் பேத்தி. ஏவ்ரிலின் மடி.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம், தெல்மாவின் வீட்டில், கணினி மணியடிக்க ஆரம்பித்தது. மணி பன்னிரண்டு. ஸ்டூவர்ட் கூப்பிடுகிறான். பெர்த்திலிருந்து. ஃப்ரேயாவை மடியில் வைத்துக்கொண்டு, வெளிச்சமான சமையலறையிலிருந்து. மணி அடித்தது. மறுபடி அடித்தது. ஓடிப்போய் எடுத்திருந்தால் போதும்.

திரையில் இருந்தவன் தலையை உயர்த்தினான்.

"அம்மா," என்றான். "எனக்கு உன்னப் பாக்கணும் போல இருக்கு."

அவளிடம் சொன்னான். ஏவ்ரிலிடம் அல்ல. முதல் தடவையாக, முழுதாக, அவளிடம்.

அந்தப் பக்கத்து மணி ஓய்ந்தது.

ஏவ்ரில் அப்போதுதான் நிமிர்ந்தாள். தெல்மாவைப் பார்த்தாள். அவள் வாய் பெரிதாகத் திறந்து அசைந்தது. சத்தம் வரவில்லை. வெகு தூரத்திலிருந்து வர வேண்டியிருந்தது. பிறகு ஒலிபெருக்கியில் கரகரவென்று வந்து சேர்ந்தது.

"தெல்மா... உக்கார்..."

அவ்வளவுதான் வந்தது. மிச்சம் அறுந்துபோனது.

தெல்மா நாற்காலியை இழுத்தாள். உட்கார்ந்தாள். அகங்காரத்தோடு முதுகை நிமிர்த்தி, தன் இடத்தில் உட்காருவது போல உட்கார்ந்தாள்.

படம் தெளிந்தது. இதுவரை எந்தத் திரையிலும் அவ்வளவு தெளிவாக அவள் எதையும் பார்த்ததில்லை. பாறையில் வழியும் ஒவ்வொரு துளியும் தெரிந்தது. ஏவ்ரிலின் கன்னத்தில் வழிந்ததும் தெரிந்தது. ஏவ்ரில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவன் ஏவ்ரிலின் மடியிலிருந்து அந்தத் துணிமூட்டையை எடுத்தான். முன்னால் நீட்டினான்.

தெல்மா இரண்டு கைகளையும் நீட்டினாள்.

குளிர். ஈரம். கனம்.

கணினியின் விசைகள் மேல் தண்ணீர் சொட்டியது. அவள் கைகளில் துணி மெல்ல விலகியது. உள்ளே, தொப்புள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து, பச்சைக் களிம்பேறிய செம்புக் கம்பி ஒன்று கிளம்பித் திரைக்குள் போனது; பாறைகளுக்கு நடுவே, இருட்டுக்குள், கண்ணுக்கு எட்டாத தூரம் வரைக்கும் போனது. அது இறுகிக்கொண்டு, ஒரு சீராக, பின்னால் இழுத்தது.

அவள் விடவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டாள்.

ஒலிபெருக்கியில், அத்தனை தூரமும் கடந்து, ஏவ்ரிலின் 'உக்கார்' என்ற சொல்லில் அறுந்துபோயிருந்த மிச்சம் அப்போதுதான் வந்து சேர்ந்தது.

"...ஆத. ...ஆத. ...ஆத."